ஆவணி மாதத்து ஆமை

தேசப்பனின் மகன் கடலில் காணாமல் போன மூன்றாம் நாள் காலையில், வண்டி கட்டச் சொல்லிக் கோட்டையிலிருந்து ஆள் வந்தது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் கொடி பறந்த காலம் அது. ஜாவாவிலுள்ள பத்தாவியாவிலிருந்து வரும் கப்பலில் துணி ஏற்றி முடியப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை கப்பலில் வந்த கனவான்களும் சீமாட்டிகளும் கோட்டைக்குள் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டாமா? அதற்கென்றே மெத்தை போட்ட கூண்டு வண்டி ஒன்று இருந்தது. அதை ஓட்டுபவன் தேசப்பன். வண்டி ஓட்ட ஊரில் எத்தனையோ பேர் உண்டு. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஏரிக்குள் இறங்கி, எங்கே கெட்டி மண், எங்கே சேறு என்று அறிந்து, சக்கரம் புதையாமல் அக்கரை மணல்மேட்டில் ஏற்றத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இளவயதில் கட்டுமரத்துக்கு அடியில் சிக்கி அவன் இடது கால் நசுங்கியது. கடல் இனி ஆகாது என்றதும் மாடு பிடித்துக்கொண்டான். மகன் தாமோதரனுக்குக் கால் இரண்டும் நன்றாக இருந்தன. அதனால் அவன் கடலுக்குப் போனான்.

அப்படிப் போன ஒரு நாள் மாலையில் திடீரென்று காற்று கிளம்பியது. மறுநாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. குப்பமே இரண்டு நாள் தேடி ஓய்ந்தது. தேசப்பன் அழவில்லை. அழ வேண்டும் என்று அவனுக்கே தெரிந்தது, வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல நெஞ்சு மரத்துக் கிடந்தது. மாட்டுக்குத் தீனி வைத்தான், கஞ்சி குடித்தான், அச்சாணிக்கு எண்ணெய் போட்டான்.

மருமகள் இருசம்மாளுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உடல் கரைக்கு வராதவரை ஆள் இன்னும் கடலில் இருக்கிறான் என்றே அர்த்தம். பெண்டாட்டி பொட்டும் வளையலுமாக இருக்கலாம்; எத்தனை வருஷமானாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். உடல் வந்துவிட்டால் அன்றைக்கே பெண்கள் கூடி வளையலை உடைத்து, தாலியை அறுத்து, அவளை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். கடல் எடுத்ததை மூன்றாம் நாள் திருப்பித் தரும் என்பதும் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வடக்கால போவீங்களா மாமா?" என்று கேட்டாள் இருசம்மாள். ஆவணியில் நீரோட்டம் வடக்குப் பக்கம் இழுக்கும்.

"போறேம்மா."

"கண்டாக்கா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். கண்டால் சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை.

வண்டியில் ஏறியவர்கள் நான்கு பேர். ஒரு கிழட்டுக் கப்பித்தான், அவன் மனைவி, அவள் தங்கை, இவர்கள் பேச்சை அங்குமிங்கும் மாற்றிச் சொல்ல துபாஷி சுப்பராயலு. சுப்பராயலுவுக்கு நான்கு பாஷை தெரியும். காஞ்சிபுரத்துக்காரர், ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேசப்பனுக்கு ஒரு மகன் உண்டு என்பதுகூடத் தெரியாது.

முதலில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். வாசல் தூணில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து அந்தத் தங்கை கிளுகிளுவென்று சிரித்தாள். உள்ளே போனதும், எப்போதோ செத்துப்போன யாரோ ஒரு குழந்தையின் கல்லறை முன்னால் நின்று கப்பித்தானின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேசப்பன் சக்கரத்தில் சாய்ந்தபடி பார்த்திருந்தான். அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று மட்டும் நினைத்தான்.

பிறகு ஏரியைக் கடந்து மணல்மேட்டில் ஏற்றினான். கப்பித்தானுக்கு அதற்குள் எரிச்சல். சிவந்த சிறகுள்ள பறவைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும் என்று கப்பலில் எவனோ சொல்லியிருந்தான். இங்கே நாலு கொக்கைத் தவிர வேறெதுவும் இல்லை.

"பூநார எங்கடா தேசப்பா? தொர கேக்கறாரு," என்றார் சுப்பராயலு.

"மழ முடிஞ்சாதான் வரும் சாமி. அதது வர்ற மாசத்துலதான வரும்?"

"இதச் சொன்னா ஒத்துக்குவாரா? வேற எதனா காட்டு."

வழக்கமாக அங்கிருந்து தெற்கே திரும்பி முகத்துவாரத்தைக் காட்டுவான். அன்று மாட்டை வடக்கே திருப்பினான். குடிசை ஒன்றுகூட இல்லாத கரை. ஒரு புறம் கடல், ஒரு புறம் தாழம்புதர். அரை நாழிகை போயிருப்பார்கள். தூரத்தில், அலை தொடும் இடத்தில் காக்கைகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன. அவற்றின் நடுவில் ஒரு துண்டுச் சிவப்பு தெரிந்தது.

தாமோதரன் இடுப்பில் கட்டிப்போன துணி அது. பழவேற்காட்டுச் சாயம், எத்தனை நாள் உப்புத் தண்ணீரில் ஊறினாலும் போகாது.

தேசப்பன் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினான்.

"அது இன்னாடா அங்க?" என்றார் சுப்பராயலு.

"ஆம சாமி. செத்து ஒதுங்கிக் கெடக்குது."

அங்கேதான் தப்புச் செய்தான். குப்பத்தில் செத்த ஆமையை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அந்த நினைப்பில் சொல்லிவிட்டான். ஆனால் வண்டியில் இருந்தவர்கள் செத்த ஆமையைப் பார்க்கவும் கடல் கடந்து வருகிறவர்கள் அல்லவா? சுப்பராயலு மாற்றிச் சொன்னதும் கப்பித்தான் எழுந்தே நின்றுவிட்டான். தங்கை கைதட்டினாள்.

"ஓட்டுடா. கிட்ட போயி பாக்கணுமாம்."

"வேணாம் சாமி. செத்து மூணு நாளு ஆயிருக்கும். நாத்தம் தாங்காது."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டான். யாரோ பேசுவது போல் இருந்தது.

நாற்றம் என்றதும் கப்பித்தானின் மனைவி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். கப்பித்தான் விடவில்லை. பைக்குள்ளிருந்து தூரக்கண்ணாடியை எடுத்து நீட்டினான். அதைக் கண்ணில் வைப்பதற்குள் தேசப்பன் மாட்டின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். அவன் மாட்டை அடித்து ஒருவரும் பார்த்ததில்லை. வண்டி துள்ளித் திரும்பியது. கப்பித்தான் மெத்தையில் விழுந்தான்.

"பைத்தியமாடா ஒனக்கு?" என்று அதட்டினார் சுப்பராயலு.

"தண்ணி ஏறுது சாமி. இப்பப் போவலைன்னா ஏரியில மாட்டிக்குவோம்."

அதில் பொய் இல்லை. திரும்பும்போது தண்ணீர் அச்சாணிவரை வந்துவிட்டது. கோட்டை வாசலில் இறங்கிய கப்பித்தான் ஏதோ கத்தினான். அத்தனையையும் மாற்றிச் சொல்லப் பொறுமையில்லாத சுப்பராயலு, "நாளைலேர்ந்து நீ வராத. வேற ஆள் பாத்துக்கறேன்," என்று சுருக்கமாக முடித்தார்.

"செரி சாமி," என்றான் தேசப்பன்.

மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, நசுங்கிய காலோடு, மார்பளவு தண்ணீரில் ஏரியைத் தனியாகக் கடந்தான். மகனை அலைக்கு எட்டாத இடத்துக்கு இழுத்துவந்தான். தாழம்புதர் ஓரம் கையாலேயே குழி தோண்டினான். நண்டு தோண்டாத ஆழம் வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த நினைப்பும் அவனுக்கு இல்லை. சிவப்புத் துணியை அவிழ்க்காமல் அப்படியே மூடினான். அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

அவன் செய்தது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையில் வளையல் இருக்கட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீடு சேர்ந்தான். இருசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எதனா கண்டுச்சா மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஆமதான் கெடந்துச்சு."

அவள் அவனுடைய ஈர வேட்டியைப் பார்த்தாள். நகத்துக்குள் ஏறியிருந்த மணலைப் பார்த்தாள்.

"ஆவணியில ஏது மாமா ஆம? தை பொறந்தாத்தான வரும்?"

இப்போது கத்தப் போகிறாள், குப்பம் கூடப் போகிறது என்று தேசப்பன் நின்றான். அவள் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"உள்ள வராதீங்க. தலையோட ஊத்திக்கினு வாங்க."

பிணம் புதைத்துவிட்டு வந்தவனிடம்தான் அப்படிச் சொல்வார்கள்.

எதிர் வீட்டிலிருந்து பொன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். வளையல் உடைக்க முதல் ஆளாக வரவேண்டியவள் அவள்தான். "இன்னாடி இருசா, சேதி எதனா உண்டா?"

"இல்லக்கா. ஆமதான் கெடந்துச்சாம்."

பொன்னியம்மாளுக்கும் ஆமை வரும் மாதம் தெரியும். குடத்தைப் பார்த்தாள், தேசப்பனைப் பார்த்தாள்.

"ஆமயா... செரிடி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேசப்பன் குடத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.