தோல் உரித்த மீன்

என் மருமகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டிப் போகிறவள், இந்தக் கரையில் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். கைப்பையை நாற்காலியில் போட்ட கையோடு சட்டியை அடுப்பில் வைப்பாள். நேற்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெள்ளை வெளேரென்று மீன் துண்டுகளை எடுத்தாள். தலை இல்லை, தோல் இல்லை, முள்ளும் இல்லை. கூடவே கொஞ்சம் பயத்தங்காய், ஒரு கேரட். சோறு வெந்து முடிவதற்குள் குழம்பு தயார்.

"இது என்ன மீனும்மா?" என்றேன்.

"மீன் அத்தை. பாக்கெட்ல எழுதியிருக்கு, பாருங்க லா" என்றாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். படித்தும் நம்பவில்லை. அவள் முகம் வாடக்கூடாதே என்று ஒரு துண்டைச் சோற்றுக்கு அடியில் மறைத்து வைத்தேன். இந்தச் சந்தேகம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்த சீதனம். நகைதான் ஒன்றும் வரவில்லை.

அம்மா நாமக்கல் பக்கத்துக்காரி. கிணற்றையும் ஏரியையும் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள். அப்பாவுக்கு இங்கே மெர்சிங் என்ற கடலோர ஊரில் ரோட்டு ஓவர்சியர் வேலை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை போட்ட பலகை வீடுகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று எங்களுக்கு. அம்மாவுக்குக் கடல் மேலேயே சந்தேகம். "இவ்வளவு தண்ணி எதுக்கு?" என்று கேட்டாளாம், கல்யாணமாகி வந்த புதிதில். பால்காரன் மேல் சந்தேகம், பால் கறக்கும் மாட்டின் மேலும் சந்தேகம். கடைக்காரச் சீனர் சிரித்தால் அரிசியில் கல் இருக்கும் என்பாள். சிரிக்காவிட்டால் தராசில் ஏதோ இருக்கிறது என்பாள்.

மீன் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பாக் மாட் என்ற மலாய்க்காரர் சாயங்காலம் படகுத் துறையிலிருந்து காவடிக் கூடையோடு வருவார். அம்மா ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அமுக்குவாள், மோந்து பார்ப்பாள். பாக் மாட் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்து ஒரு சுருட்டே குடித்து முடித்துவிடுவார். பிறகு கத்தரிக்காய், வெண்டைக்காய், மீன் எல்லாம் ஒரே சட்டியில் விழும். புளித்தண்ணீர், மஞ்சள், இடித்த மிளகாய். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும், ஏனென்றால் விளக்கு வெளிச்சத்தில் முள் தெரியாது. அம்மாவின் சமையல் வேகத்துக்குக் காரணம் திறமை அல்ல, பயம்.

பக்கத்து வீட்டில் பரமேஸ்வரி மாமி. யாழ்ப்பாணத்துக்காரர்கள், சிவலிங்கம் மாமாவுக்குத் தபால் ஆபீசில் உத்தியோகம். மாமிக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். அம்மாவைக் கேலி செய்ய அந்த வரிசையில் உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். "அக்கா, உங்களுக்குக் கோயில் விபூதியையும் மோந்து பாத்தால்தான் நிம்மதி" என்பார்.

மழைக்காலம். கிழக்குக் கரையில் மழைக்காலமென்றால் கடல் எழுந்து நிற்கும், படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பாக் மாட் வரவில்லை. கருவாடும் பருப்புமாகப் பொழுது ஓடியது. அப்படி ஒரு நாள் சாயங்காலம், அப்பா நனைந்துகொண்டே வந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பெருமையாக நீட்டினார். ஆற்று முகத்துவாரத்தில் யாரோ முன்பின் தெரியாத ஒருவன் விற்றானாம். உள்ளே உரித்துச் சுத்தம் செய்த வெள்ளை மீன் துண்டுகள்.

"ஏங்க, இதுக்குத் தலை எங்க?"

"அவனே வெட்டி, தோலெல்லாம் உரிச்சுக் கொடுத்துட்டான். உனக்கு வேலை மிச்சம்."

"என் வேலைய மிச்சம் பண்றதுக்கு அவனுக்கு என்ன வந்துச்சு?"

அம்மா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள், புதைக்க. வேலிக்கு அந்தப் பக்கம் மாமி நின்றார்.

"என்ன அக்கா, நல்ல மீனை எறியப் போறியளே? இவர் இண்டைக்கும் மீன் கேட்டவர். எங்களுக்குத் தாங்கோவன்."

"வேணாம் பரமேசு. எனக்கு என்னமோ சரியாப் படல."

"உங்களுக்கு எதுதான் சரியாப் பட்டது?" என்று சிரித்தபடி மாமி கையை நீட்டினார். அம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

மாமிக்கு மசக்கை, மீன் வாடையே ஆகாது. மூக்கில் சேலையைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்காக மட்டும் முருங்கையிலை போட்டுத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தார். விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினோம். மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். "உதடு விறைச்சுப் போச்சு, விரலும் விறைக்குது" என்று குழறினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழறலும் நின்றது. கண் மட்டும் எங்கள் ஒவ்வொருவரையும் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பா ரோட்டு வேலை லாரியைக் கொண்டுவர ஓடினார். சத்தம் கேட்டுத் துறைப் பக்கத்துத் தன் குடிசையிலிருந்து ஓடி வந்த பாக் மாட், அடுக்களையில் மிச்சமிருந்த பச்சைத் துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "புந்தால்! இக்கான் புந்தால்!" பேத்தை மீன். தண்ணீரிலிருந்து எடுத்தால் பந்துபோல் ஊதிக்கொள்ளுமே, அந்த விஷ மீன். தோலோடு பார்த்தால் அந்தக் கரையில் குழந்தைகூடத் தொடாது.

மாமா பிழைத்தார். ஆஸ்பத்திரியில் சில நாள் கட்டை மாதிரிக் கிடந்து, மெல்ல விரல் அசைந்து, பேச்சு வந்தது. ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்கள் தின்னேல்லை. உங்கட பிள்ளைக்கும் குடுக்கேல்லை. எங்களுக்கு மட்டும் தந்தியள். தெரிஞ்சுதானே தந்தியள்?"

உலகத்தையே சந்தேகப்பட்டவளுக்கு, தன் மேல் அது திரும்பும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. குழாயடியில் மற்றப் பெண்கள் அம்மாவைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். முன்பு ஒரு தடவை வேலியோரத்து வாழைக்குலைக்காக இரண்டு வீட்டுக்கும் சின்ன மனத்தாங்கல் வந்ததாம். எல்லோரும் அதைத் தோண்டி எடுத்தார்கள்.

"நீ வேணாம்னு சொல்லித்தானே கொடுத்த? அதப் போய்ச் சொல்லேன்" என்றார் அப்பா.

"சொன்னேன். சொல்லிட்டு எதுக்குக் கொடுத்தேன்? அதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள் அம்மா.

மாமா வீடு திரும்பினார். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலிக் கதவு திறக்கவில்லை. கடல் அடங்கி, பாக் மாட் மறுபடி கூடையோடு வந்த முதல் சாயங்காலம், அம்மா முழுசாக இரண்டு கானாங்கெளுத்தி வாங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அழைக்காமலேயே மாமி வீட்டுப் பின்வாசலுக்குள் நுழைந்தாள். மாமி திகைத்து எழுந்தார்.

"உக்காரு பரமேசு. உன் கண்ணு முன்னாடி ஆக்குறேன். எங்க வீட்டிலேருந்து இந்த மீனத் தவிர ஒண்ணும் கொண்டாரல."

மீனை உயர்த்திச் செவுளைக் காட்டினாள். மாமியின் அரிவாள்மனையில் அரிந்தாள். மாமியின் புளி, மாமியின் உப்பு, அவர் கொல்லையில் காய்த்த கத்தரிக்காய். அரிசி களைந்த தண்ணீரைக்கூட மாமியையே ஊற்றச் சொன்னாள். குழம்பு கொதித்தது. இறக்கியதும் ஒரு தட்டில் சோறு போட்டு, மாமிக்கு எதிரே உட்கார்ந்து, முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டாள். இரண்டாவதை என்னிடம் நீட்டினாள்.

நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன். அவள் வளர்த்த பிள்ளைதானே? அம்மாவின் உதட்டைப் பார்த்தேன், விறைக்கிறதா என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். மாமி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். அவ்வளவு நீளமான சாயங்காலத்தை அதன் பிறகு நான் கண்டதில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து மாமாவின் குரல், இன்னும் கொஞ்சம் குழறலோடு வந்தது. "என்னப்பா, வாசம் மூக்கைத் துளைக்குது. எனக்குத் தாற எண்ணம் இல்லையோ?"

மாமி சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்த மாமி, அம்மாவின் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் மீனை எடுத்து வாயில் போட்டார். மசக்கைக்காரி, முகம் சுளிக்காமல் மென்றார்.

"புளி காணாது, அக்கா" என்றார்.

"உன் புளிதான்" என்றாள் அம்மா.

அந்த ஆவணியில் மாமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் குளிப்பாட்டியது அம்மாதான். பிறகு மாமாவுக்குப் பத்து பகாட் என்ற ஊருக்கு மாற்றல் வந்தது, ஒரு லாரியில் கட்டிலும் தொட்டிலும் ஏறிப்போயின. பின்னால் ஜப்பான்காரன் சண்டை வந்தது. சண்டை முடிந்து அப்பா விசாரித்தபோது, அந்தத் தபால் ஆபீசில் அவர்களைத் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை. யாழ்ப்பாணத்துக்கே கப்பலேறினார்கள் என்றார் கடைத்தெருவில் ஒருவர். இல்லை, ஜப்பான்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

போன வருஷம் பேரப்பிள்ளைகளோடு தீவுக்குப் போகப் படகேற மெர்சிங்குக்குப் போனேன். எங்கள் வரிசை இருந்த இடத்தில் கார்கள் நின்றன. வேலி எந்த இடத்தில் ஓடியது என்றுகூட என்னால் காட்ட முடியவில்லை.

அம்மா கடைசிவரைக்கும், பஸ்ஸிலோ கடையிலோ யாராவது யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் நின்று திரும்பி அந்த முகத்தைப் பார்ப்பாள். அம்மாவும் போய்ப் பல காலமாகிறது. இப்போது நான் திரும்பிப் பார்க்கிறேன்.