பாரிஷ் கிருஷ்ணராசா

விம்பிள்டனில் ரயில் ஏறியதும் கிருஷ்ணராசா வரைபடத்தை விரித்துவிடுவார். அது அவர் மடியில் தொடங்கிப் பக்கத்தில் இருப்பவரின் மடியில் போய் முடியும். பக்கத்தில் இருப்பது தமிழ் முகமென்றால், "தம்பி, இந்தக் கரையை ஒருக்கால் பிடியும்" என்பார். வெள்ளை முகமென்றால் "சொறி" என்று சொல்லிவிட்டு அதே கரையைக் கையில் கொடுத்துவிடுவார்.

வரைபடத்தில் இருப்பது நெதர் பிரம்பிள் என்ற கிராமம். லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரயில், அதன் பிறகு இருபது நிமிடம் பஸ். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அவர்களைவிடப் பல மடங்கு செம்மறிகள், ஓர் ஓடை. ஓடை பெருகினால் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் ஒரேயொரு தெரு, அந்தத் தெருவில் ஒரேயொரு கடை. ஜேர்மனியில் பதினாறு வருடம் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிய கிருஷ்ணராசா, லண்டனுக்கு வந்து அந்தக் கடையை எடுத்தார். பாண், பால், முத்திரை, நாய்ச் சாப்பாடு எல்லாம் அங்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் மனைவி செல்வமலர் செய்துகொடுக்கும் மரக்கறி ரோல்ஸும் உண்டு. அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கடை வந்த பிறகுதான் 'பாரிஷ்' என்ற பட்டப்பெயரும் வந்தது. கோயிலில் பூசைக்கு நிற்கிறவர்களின் காதுக்குள் குனிந்து, "உங்கட வீடு எந்தப் பாரிஷ்?" என்று கேட்பார். அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோசம்.

"பாவங்கள், உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கவுன்சில்தான். டிஸ்ரிக்ற் எண்டால் ரயில் லைன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறியள். எங்களுக்கு மூண்டு தட்டு. சனம் இருக்க வாங்கில் போட, புல்லு வெட்டப் பாரிஷ். குப்பை அள்ள டிஸ்ரிக்ற். றோட்டு, பஸ் எல்லாம் கவுன்ரி. ஒருத்தரைக் கேட்டால் மற்றவரைக் கை காட்டுவினம். ஒருத்தரிலையும் பிழை இல்லை!"

அந்தக் கீழ்த்தட்டில் அவரும் ஓர் உறுப்பினர். சபையில் ஓர் இடம் காலியாகி, ஊரில் ஒருவரும் அதைச் சீண்டாமல் கிடந்தது. கடை அங்கே இருப்பதால் லண்டன்காரரும் வரலாம் என்று, பால் வாங்க வந்த தலைவி மிஸிஸ் ஹார்பர் சொன்னார். கிருஷ்ணராசா விம்பிள்டனில் தன் பக்கத்து வீட்டு மெற்றில்டாவிடம் விளக்கம் கேட்டார். மெற்றில்டா குருநகர்க்காரி, கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாதவர்.

"பாரிஷ் எண்டால் பங்கு, அண்ணை. பங்குச் சபைக்குப் பாதர் வருவார், செபம் சொல்லித்தான் துவங்குவினம். நீங்கள் எழும்பி நிண்டால் காணும்."

முதல் கூட்டத்தில் கிருஷ்ணராசா எழுந்து, கைகட்டி, பாதருக்காக வாசலைப் பார்த்தபடி நின்றார். இது இவர்களுடைய சமய வழக்கமாக்கும் என்று மிஸிஸ் ஹார்பரும் மரியாதைக்கு எழுந்தார். மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். ஒரு நிமிடமாகியும் பாதர் வரவில்லை. இது மௌனச் செபம் போல என்று கிருஷ்ணராசா உட்கார்ந்தார், எல்லோரும் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. மூன்று வருடம் கழித்து, "உங்களுடைய இந்த அழகான வழக்கத்துக்கு நன்றி" என்று மிஸிஸ் ஹார்பர் சொன்னபோதுதான் அவருக்கு விசயம் வெளித்தது. கேட்ட செல்வமலர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி முழுக்க மேசையில்.

"இனி நிப்பாட்டிப்போடாதேங்கோ. என்ன குறை வைச்சம் எண்டு அந்தச் சனம் கவலைப்படும்."

இந்த வசந்தத்தில் கவுன்ரியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் ஏறும் ஆட்களை எண்ணுவார்களாம். ஆட்கள் குறைவென்றால் பஸ் நிற்கும். கிருஷ்ணராசா பயந்துபோனார். நாலுதரம் கார் ஓட்டச் சோதனை எடுத்து நாலுதரமும் ரவுண்டபவுட்டில் தோற்றவர் அவர். பஸ் இல்லையென்றால் கடை இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருவரின் சமையலறைக்குப் போகவேண்டும். கோயிலில் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தார். உடைத்த கையோடு அங்கே நின்றவர்களை எண்ணத் தொடங்கினார்.

எண்ணுகிற வாரத்தின் சனிக்கிழமை, திருநீறும் புளிச்சாதப் பொட்டலமுமாக நாற்பத்து மூன்று பேர் நெதர் பிரம்பிள் பஸ்ஸில் ஏறினார்கள். மெற்றில்டா செபமாலையோடு முன் இருக்கையில் இருந்தார். சின்ன பஸ் அது, அவர்களை ஏற்ற மூன்று நடை ஓடியது, மூன்றும் நிரம்பியது. ஓடையைப் பார்த்தார்கள், செம்மறிகளைப் படமெடுத்தார்கள், கடையைத் துடைத்தெடுத்தாற்போல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எண்ண வந்த பெண் இன்னொரு தாள் கேட்டு யாருக்கோ போன் எடுத்தார்.

போன மாதக் கூட்டத்துக்குக் கவுன்ரி அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். ஒரு சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் போதாதாம், பஸ்ஸை நிறுத்தும் கடிதம் கையில் இருந்தது. வழக்கம்போல கிருஷ்ணராசா எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். வந்த இடத்தில் வேறென்ன செய்வது என்று அதிகாரியும் எழுந்தார். ஒரு நிமிடம் போனது. கிருஷ்ணராசா உட்காரவில்லை. இரண்டாவது நிமிடத்தில், முழங்கால் வருத்தக்காரியான மிஸிஸ் ஹார்பர் அவரைத் திரும்பிப் பார்த்தார். விளங்கிவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஊன்றுகோலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அதிகாரி கால் மாற்றி நின்றார். தொண்டையைச் செருமிவிட்டு, சனிக்கிழமை வந்தவர்கள் இனியும் வருவார்களா என்று கேட்டார்.

"மாசத்துக்கு ஒருக்கா," என்று ஆங்கிலத்தில் சொன்னார் கிருஷ்ணராசா. வருவீர்களா என்று மெற்றில்டாவிடம்கூட இன்னும் கேட்கவில்லை.

ஏழு பேரும் நின்றபடியே அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் கடிதத்தைப் பார்த்தார். இன்னொரு வருடம் ஓடட்டும் என்று எழுதுகிறேன் என்றபடி அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பையின் சிப் முழுதாக மூடும்வரை பார்த்திருந்துவிட்டு, கிருஷ்ணராசா மிஸிஸ் ஹார்பரின் கதிரையை அவருக்கு இழுத்துக் கொடுத்தார்.