அர்த்தனாரி கட்டிய கிளப் வரி

கொல்லிமலையில் துரைமார் கிளப்பில் பணம் கட்டிச் சேர்ந்த மலைக்காரர் ஒரே ஒருவர்தான். அரியூர் நாட்டு அர்த்தனாரி. அவருக்குப் பந்து அடிக்கத் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, தமிழிலும் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்தான். அப்படிப்பட்டவர் ஒரு வருஷத்து மிளகுப் பணத்தை, இருபத்தைந்து ரூபாயை, கொண்டுபோய் அங்கே கொட்டினார் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தையும் கேட்கட்டும்.

ஊருக்கும் பள்ளத்து வயலுக்கும் நடுவில் மொட்டை மேடு என்று ஒரு புல்வெளி. அதைக் குறுக்கே கடந்தால் ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் வயல் வந்துவிடும். எருக்கூடை போனதும் நெற்கட்டு வந்ததும் அந்தத் தடத்தில்தான். 1934-ஆம் வருஷம், காப்பித் தோட்டத்து வில்மட் துரையும் கீழே சேலம் பக்கத்துத் துரைமார் சிலரும் மேட்டைக் குத்தகைக்கு எடுத்தார்கள். புல்லைச் சிரைத்து, ஆறு குழி வெட்டி, குழிக்கொரு சிவப்புக் கொடி நட்டார்கள். ஆட்டத்தின் பெயர் கோல்ப். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் ஒரு பலகை, பலகைக்குப் பக்கத்தில் தடியோடு ஒரு காவல்காரன்.

அன்று முதல் ஊர்ச்சனம் வயலுக்குப் போகப் பாறை மேட்டைச் சுற்ற வேண்டியதாயிற்று. மூன்று மைல். மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும் பாறை. ஐப்பசியில் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு நெற்கட்டோடு அங்கே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் கால் நேராகவில்லை. அவள் முனகுவது அர்த்தனாரி வீட்டுக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்க அவரால் முடியவில்லை. மறுநாளே பலகைக்கு எதிரில் போய் நின்றார்.

கிளப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் மாணிக்கம் அடிவாரத்துக்காரர். சிடுசிடுப்பு இல்லாத மனுஷர்.

"ஏனுங்க ரைட்டரு, பலகையில என்னங்க எழுதியிருக்குது?"

"மெம்பருங்க தவிர ஆரும் உள்ள வரக்கூடாதுன்னு."

"மெம்பருன்னா ஆருங்க?"

"வருசத்துக்கு இத்தனைன்னு பணம் கட்டறவங்க. கட்டினா உள்ள வரலாம், போலாம். வருசத்துக்கு ஒருக்கா கூட்டம் நடக்கும், அதுல உக்காந்து பேசலாம்."

அர்த்தனாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம தலைக்கட்டு வரியாட்டம்! இத முன்னயே சொல்லியிருக்கலாமுங்களே!"

மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. வீட்டுக்கு வீடு அந்த நாட்டுக்கு வரி கொடுப்பார்கள். கொடுத்தவன் நாட்டுக்காரன். கோயிலில் அவனுக்குப் பங்கு, சாவில் அவனுக்கு நாலு தோள், கூட்டத்தில் அவனுக்கு வாய். கூட்டம் நடத்துவதிலும் ஒரு முறை உண்டு. கையைத் தூக்கச் சொல்லித் தலை எண்ணுவது அங்கே கிடையாது. வட்டமாகத் தரையில் உட்கார்வார்கள், பேசுவார்கள். கடைசி ஆளும் "சரி" என்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் உட்கார்ந்த கூட்டமும் உண்டு. துரைமாரும் வரி வாங்கிக் கூட்டம் போடுகிறவர்கள் என்றால், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தடத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று அர்த்தனாரி முடிவு செய்தார்.

மனைவி பெருமாயி தலையில் அடித்துக்கொண்டாள். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக இரவல் மாட்டில் உழுகிற வீடு. மிளகு விற்ற காசில் ஜோடிக்கு ஒரு காளை வாங்குவதாகப் பேச்சு.

"இருவத்தஞ்சு ரூவாயக் குடுத்துட்டு வந்தா அந்தக் கிளப்பு வந்து ஏர் இழுக்குமாக்கும்?"

"வரி கட்டாம வாயத் தொறந்தா ஆரு புள்ள கேப்பாங்க?"

கேட்ட பெருமாயிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் அடுக்குப் பானையிலிருந்து பணத்தை எடுத்துத் தந்தவளும் அவள்தான்.

வில்மட் துரை ஏன் சேர்த்துக்கொண்டார் என்று கேட்கலாம். குத்தகைப் பத்திரத்தில், கிளப்பில் பத்து மெம்பர்களாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒருவர் மாற்றலாகிப் போனதில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். பத்தாவது ஆளைச் சேர்க்கக் கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. மலைக்காரரைச் சேர்க்கக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை, அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லையே! துரை சிரித்துக்கொண்டே பெயரை எழுதச் சொன்னார். நுழைவுக் கட்டணம் பத்து, வருஷச் சந்தா பதினைந்து. மெம்பரின் மனைவியும் உள்ளே வரலாம் என்று மாணிக்கம் படித்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் அர்த்தனாரி எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளப்புக்குள் நுழைந்தார். காவல்காரன் தடியை ஓங்கப் போய், விஷயம் தெரிந்து, சலாம் வைத்தான். துரை ஒருவர் பந்தை அடித்து அடித்துக் குழிக்குள் விழாமல் தவித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அர்த்தனாரி கூடையை இறக்கிவிட்டு, பந்தைக் கையால் எடுத்து, பதனமாகக் குழிக்குள் போட்டுவிட்டு நடந்தார். கூட இருந்து உதவுவது வரி கட்டினவன் கடமை அல்லவா! பின்னால் துரை போட்ட கூச்சலை நன்றி என்றே எடுத்துக்கொண்டார்.

கட்டின பணத்துக்கு அவருக்கும் பெருமாயிக்கும் வழி கிடைத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அதோடு திருப்தியாகியிருப்பார். கம்பிக்கு வெளியே ஊர்ச்சனம் சுமையோடு பாறை மேட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடக்க அர்த்தனாரிக்குக் கூச்சமாக இருந்தது. தை மாதக் கூட்டத்துக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தன்று குளித்து, வெள்ளை உருமாலை கட்டிக்கொண்டு போனார். ஒன்பது துரைமாரில் ஒருவர் வரவில்லை, வில்மட்டோடு சேர்த்து எட்டுப் பேர். கீழிருந்து வந்தவர்களை நாட்டு ஆட்கள்தான் டோலியில் தூக்கி வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு ஏது? நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கூட்டத்தில் உயரத்தில் உட்காரலாமா? அர்த்தனாரி தரையில் சம்மணம் போட்டார். தன் முறை வந்ததும் தடத்தைப் பற்றியும் பாறையைப் பற்றியும் சின்னக்கண்ணுவின் காலைப் பற்றியும் சொன்னார். மாணிக்கம் ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். வழி வேண்டாம் என்று எட்டுக் கை. வேண்டும் என்று ஒரு கை. வில்மட் துரை நோட்டை மூடினார், எல்லாரும் எழுந்தார்கள்.

அர்த்தனாரி மட்டும் எழவில்லை.

"எந்திரிங்க, கூட்டம் முடிஞ்சு போச்சு" என்றார் மாணிக்கம்.

"எப்படீங்க முடியும்? நான் இன்னும் சரின்னு சொல்லலீங்களே."

அவர் சண்டித்தனம் செய்கிறார் என்று துரைமார் நினைத்தார்கள். அவர் மனதில் அப்படி எதுவும் இல்லை. இத்தனை படித்தவர்களுக்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லையே என்று வருத்தம்தான். அவர்கள் திரும்பி வந்து உட்காருவார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் சிரித்துவிட்டு டீ குடித்தார்கள், பந்து விளையாடினார்கள். வெயில் சாயும் நேரம் டோலிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

டோலிக்காரர்களில் மூத்தவர் செங்கோடன். குந்திய இடத்தைவிட்டு அசையாமல் சொன்னார்: "உள்ளார ஒருத்தரு உக்காந்திருக்காருங்க. கலையாத கூட்டத்துல இருந்து ஆளத் தூக்கிட்டுப் போனா நாங்க நாட்டுல முகம் காட்ட முடியாதுங்க."

இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னார்கள். மூன்று மடங்கு என்றார்கள். செங்கோடன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு துரை சத்தம் போட்டார், இன்னொருவர் நடந்தே இறங்குகிறேன் என்று கிளம்பி, முதல் வளைவில் மூச்சு வாங்கித் திரும்பி வந்தார். அன்று அங்கேயே தங்கினார்கள். பெருமாயி இரண்டு வேளையும் புருஷனுக்குச் சாமைச் சோறு கொண்டு வந்து, "உங்க கிளப்பு நல்லாத்தான் இருக்குது" என்று வைதுவிட்டுப் போனாள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு எட்டுப் பேரும் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். நாலு முழ அகலத்துக்கு ஒரு தடம், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று வில்மட் எழுதினார். அர்த்தனாரி விடவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "உங்களுக்குச் சம்மதங்களா?" என்று கேட்டார். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக "சரி" என்றார்கள். கடைசியாக அவரும் "சரிங்க" என்றார். கால் மரத்துப்போய் எழ முடியாமல் தடுமாறியவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் வில்மட் துரையேதான். டோலிகள் கிளம்பின.

மறுநாள் முள்கம்பியை வெட்டி வழி விட்டார்கள். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் முதல் ஆளாக நடந்தார். சின்னக்கண்ணுவைக் கட்டிலோடு தூக்கிப்போய் வயலைக் காட்டி வந்தார்கள். இருபத்தைந்து ரூபாயைப் பார்த்து எள்ளி நகையாடிய வாய்களெல்லாம் இப்போது அர்த்தனாரியை வாழ்த்தின. அந்த ஒரு மாதம் அவர் நடந்த நடையே வேறு.

மாசி முடியும் சமயம் மாணிக்கம் வீட்டுக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு கவர்.

"அர்த்தனாரி, உமக்கு யோகமய்யா! புதுசா ரெண்டு துரைங்க சேர்ந்துட்டாங்க. இனிமே ஆட்டம் ஆடறவங்கதான் மெம்பருன்னு விதிய மாத்திப்போட்டாங்க. அதனால உம்ம பேர எடுத்தாச்சு. தடம் இருக்கும், அதுல மாத்தமில்ல. இத்தனை மாசம் இருந்ததுக்குக்கூடக் காசு பிடிக்கப்படாது, அது நியாயமில்லைன்னு வில்மட் துரை மத்தவங்ககூட வாதாடி முழுசா வாங்கியாந்திருக்காரு. இருவத்தஞ்சு ரூபா! காலணா செலவில்லாம இத்தனை லாபம் குடுத்த கிளப்பு சீமையிலகூட இருக்காது."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அர்த்தனாரி, கவரை வாங்கக் கை நீட்டவில்லை. மாணிக்கம் அதைப் படிமேல் வைத்தார்.

நாட்டில் வரியைத் திருப்பிக் கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பெரிய குற்றம் செய்தவனைத் தள்ளி வைக்கும்போது, அவன் கட்டிய வரியை இலையில் வைத்து அவன் வாசற்படியில் விட்டுவிட்டு வருவார்கள். அதன்பின் அவன் நாட்டு மண்ணில் கால் வைக்கக்கூடாது. எல்லைக் கல்லை நகர்த்திய சின்னுசாமி வீட்டில் அப்படி வைத்ததை அர்த்தனாரி கண்ணால் பார்த்திருக்கிறார். சின்னுசாமி அன்றே புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிப் போனவர்தான், திரும்பவில்லை.

"நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?" என்றார் அர்த்தனாரி.

"தப்பா? மரியாதைய்யா இது!" மாணிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அடிவாரத்துக்காரருக்கு எப்படிப் புரியும்? நல்லது செய்ய வந்த சந்தோஷம் வடிந்துபோய்த் திரும்பி நடந்தார். பணத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தால் அர்த்தனாரி இவ்வளவு நொந்திருக்கமாட்டார். நல்ல மனதோடு செய்த காரியம் இப்படியா போய் முடிய வேண்டும்!

ரூபாய் படியிலேயே மூன்று நாள் கிடந்தது. நாலாம் நாள் பெருமாயி எடுத்து முந்தானையில் முடிந்தாள். "ரூவாய்க்கு இதெல்லாம் தெரியுமாக்கும்?" என்றாள். பங்குனிச் சந்தையில் காளை வாங்கினார்கள். அர்த்தனாரி தடுக்கவும் இல்லை, காளையைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. மொட்டை மேட்டுத் தடத்தில் மட்டும் அதற்குப்பின் கால் வைக்கவில்லை. ஊர் முழுக்க அவர் வாங்கிக் கொடுத்த வழியில் நடந்தது. அவர் மட்டும் பாறை மேட்டைச் சுற்றி வயலுக்குப் போனார்.

கருப்பண்ணன் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். "அது துரைங்க வெளையாட்டுக் கொட்டாயி, அர்த்தனாரி. நாடா அது? நாம உன்னத் தள்ளி வெக்கலியே!"

"எங்கிட்ட வரி வாங்கினாங்க. என்னப் பேச உட்டாங்க. நான் சொன்னதுக்கு எட்டுப் பேரும் சரின்னாங்க. அப்ப அது நாடுதானுங்களே?"

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெருமாயி குறுக்கே போய்க் கஞ்சிக் கலயத்தோடு வயலில் காத்திருப்பாள். அவர் வந்து சேரும்போது கஞ்சி ஆறியிருக்கும். அதைச் சொல்லி அவரைத் திட்டுவாள், கிளப்பைத் திட்டுவாள். ஆடி மழை பிடித்த ஒரு காலை. தடம் பிரிகிற இடத்தில் அர்த்தனாரி வழக்கம்போல மேலே திரும்பினார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம். பெருமாயி கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையை வரிந்து கட்டி, ஈரப் பாறையில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, நீ எதுக்கு இங்க வாற? வழுக்கும். கீழ போ."

"உங்களத் தள்ளி வெச்சா என்னையும் சேத்துத்தானுங்களே வெச்சிருக்காங்க" என்றாள் பெருமாயி. "கையக் குடுங்க, ஏறறதுக்கு."