ஒற்றைக்கால் தளபதியும் என் கணவரும்

நீரிழிவால் என் கணவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, நான் அவருக்கு ஒரு அமெரிக்கரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்துக் காட்டினேன். வெள்ளவத்தையில் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த, அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம். அந்த மனிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்தி, குண்டுபட்டு ஒரு காலை இழந்து, பின்னர் தேர்தலில் வென்று ஆளுநரானவர். முன்னுரையில் அதைக் கண்டதுமே வாங்கிவிட்டேன். பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர் என் கணவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. ஆஸ்பத்திரியால் வந்து நாலு மாதமாகியும் அவர் படி இறங்கவில்லை. ஆட்கள் பார்க்க வந்தால் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். செயற்கைக் கால் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது.

அவருக்குக் கண்ணும் மங்கிவிட்டதால் பின்னேரங்களில் நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பேன். போர்க்களம் முடிந்தது, கால் போனது. அடுத்த நாள் வாசிப்பில் நேரே தேர்தல் அத்தியாயத்துக்குத் தாவினேன்.

"கொஞ்சம் பொறும்," என்றார். "நீர் வாசிச்ச வருஷக் கணக்குக்குக் கால் போய் நாலு வருஷத்துக்குப் பிறகுதானே எலக்‌ஷன்? இடையில என்ன செய்தவன்?"

"அதில பெரிசா ஒண்டுமில்லை."

"விட்டிட்டீர், என்ன?"

பிடிபட்டுவிட்டேன். விட்ட அத்தியாயத்தை எடுத்து வாசித்தேன். அந்தத் தளபதி வீட்டுக்குள் அடைந்து கிடந்ததை, மனைவி கொண்டுவந்த சாப்பாட்டுக் கோப்பையை எறிந்ததை, பழைய சிப்பாய்கள் தேடி வந்தபோது கதவைத் திறக்காததை. அந்தப் பக்கங்களை வேகமாக வாசித்து முடிக்கப் பார்த்தேன். என் கணவரோ எழும்பி உட்கார்ந்து கேட்டார்.

"அந்தக் கோப்பை எறிஞ்ச இடத்தைத் திருப்பி வாசியும்."

வாசித்தேன்.

"வாறவை எல்லாரும் எனக்கு எழும்பி நடந்தவையின்ர கதையைத்தான் சொல்லுகினம்," என்றார். "இவன் ஒருத்தன்தான் படுத்துக் கிடந்திருக்கிறான்." சொல்லிவிட்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர். நான் புத்தகத்தை மூடிவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

மிச்சப் புத்தகத்தைத் தளபதியோடு சண்டை பிடித்தபடிதான் கேட்டார். மேடைக்கு மேடை தளபதி வெட்டுப்பட்ட காலைக் காட்டி வாக்குக் கேட்ட இடத்தில், "கள்ளன்!" என்று சிரித்தார். கடைசித் தேர்தலில் தளபதி தோற்றபோது என் கணவருக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.

புத்தகம் முடிந்து இரண்டு கிழமையிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, "அந்தக் காலை எடுத்துத் தாரும், தலைமயிர் வெட்ட வேணும்," என்றார். சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாமாம். கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, வியர்த்து விறுவிறுத்து இறங்கினார். நான் ஒரு படி முன்னால் இறங்கினேன். கைகொடுக்க விடவில்லை.

தேவாலயத்து ஞாயிறு பூசைக்கு இன்னும் வரமாட்டார். அங்கே எல்லாரும் பாவம் பார்ப்பார்களாம். சலூனுக்கு மட்டும் மாதம் தவறாமல் போகிறார், என்னைக் கூட்டிப்போகாமல்.