அம்மாவின் படத்துக்குக் கீழே ஆமென்

நான் படம் வரைய அம்மா எனக்கு முகம் காட்டி இருந்தது அந்த ஒரு முறைதான். அப்போதும் கை வேலையை விடவில்லை. கருவாடு காயப்போடும் வாடியில் வெயில் ஏறும் நேரத்தில் நெத்தலி பரப்பிக்கொண்டிருப்பவரிடம் போய், “கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கோம்மா” என்று கேட்டால் என்ன கிடைக்கும்? பேச்சுத்தான் கிடைக்கும். “உனக்கு வேற வேலை இல்லையோ? படம் கீறி ஆருக்குக் காட்டப்போறாய்?”

அந்தப் பேச்சு வாயிலிருந்து வருவதற்குச் சற்று முந்திய முகத்தைத்தான் வரைந்தேன். தலையில் இழுத்துப் போட்ட நீலச் சேலை, வெயிலுக்குச் சுருங்கிய கண், கன்னத்தில் வழியும் வியர்வை. செதிலும் உப்பும் ஒட்டிய கைகளுக்கு மட்டும் கிழமைக்கணக்கில் மினைக்கெட்டேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அந்தக் கைகளில்தான் இருந்தது.

‘அம்மா, வாடியில்’ என்று எழுதி முகநூலில் போட்டேன். அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி ஃபோனை விட்டு நகர முடியவில்லை. மச்சாள் ஒருத்தி லைக் போட்டாள். பிரான்சில் இருக்கும் பள்ளிக்கூடத் தோழி, “எப்பிடியடி இருக்கிறாய்?” என்று கேட்டிருந்தாள். நான் சுகமாகத்தான் இருந்தேன். படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

சில நாள் கழித்து சித்தி ஃபோனும் கையுமாக ஓடிவந்தார். “இஞ்ச பாரடி, மாதா உன்ர அம்மா மாதிரியே இருக்கிறா!”

யாரோ நடத்தும் செபப் பக்கமொன்று என் படத்தை எடுத்திருந்தது. கைகளையும் மீனையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம். வெயிலுக்குச் சுருங்கிய கண் துயரமாகிவிட்டது, வியர்வை கண்ணீராகிவிட்டது. ‘வியாகுல மாதாவே, எங்களைக் கைவிடாதேயும். ஆமென் என்று எழுதுங்கள்.’ ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகுதான் வயிறு எரிந்தது. இது நான் கீறிய படம், இது என் அம்மா என்று அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது. படத்துக்குக் கீழேயும் எழுதினேன். கண் மூடித் திறப்பதற்குள் ஆமென்கள் அதை மூடிவிட்டன. “மாதாவோட விளையாடாதேங்கோ” என்று ஒருவர் மட்டும் எனக்குப் புத்தி சொன்னார்.

வாடியில் பகிடிக்குக் குறைவில்லை. “மாதாவே, அரைக்கிலோ நெத்தலி போடுங்கோ!” அம்மாவும் சேர்ந்து சிரித்தார். ஒரு மத்தியானம் சோறு தின்றுகொண்டே, “என்னதான் எழுதியிருக்கிறாங்கள்? வாசி பாப்பம்” என்றார்.

வாசித்தேன். ஆமென், ஆமென், சோதனை பாசாகவேணும், விசா கிடைக்கவேணும், ஆமென். பிறகு இது வந்தது: “அம்மா, விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போன என்ர மகனைத் திருப்பித் தாங்கோ. நான் சாக முதல் ஒருக்காக் காட்டுங்கோ.”

அம்மாவின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. “ஆர் அவ? எந்த ஊராம்?”

ஊர் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ இருந்தது.

“எழுது பிள்ளை. நான் மாதா இல்லை, கருவாடு காயப்போடுறவள் எண்டு எழுது.”

எழுதினேன். அந்தத் தாய் அதற்கும் ஆமென் போட்டிருந்தார்.

ஞாயிறு பூசைக்கு முன் அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மாதா என்று நம்பி யாரோ அவர் முகத்திடம் கேட்டதில் அவருக்குப் பாவம் ஒன்றும் இல்லை என்று ஃபாதர் சொன்னாராம். அம்மாவுக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து பகிடிக்கும் சிரிப்பதில்லை.

ஒருவராவது அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றுதான் அந்தப் படத்தை வெளியே விட்டேன். அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் அம்மா படவில்லை. இனி எதைக் கீறி, எங்கே போட்டு, யாரிடம் காட்டுவது? எனக்கு வெறுத்துப்போய்விட்டது. என்னுடைய பக்கத்திலிருந்து அதை அழித்தேன். அது மற்றப் பக்கங்களில் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

போன கிழமை மனம் கேட்காமல் படம் கீறும் கொப்பியை எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அம்மா எழும்பி, மறுபக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

“ஒருத்தருக்கும் காட்டமாட்டனம்மா. எனக்கு மட்டும்.”

“வேண்டாம் பிள்ளை,” என்றார் திரும்பாமலே. “மகனைக் கேட்ட அந்த மனிசி இன்னும் என்ர முகத்தைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறா.”