மூலை காலியாக இருந்த கார்டு

"அணுசக்தி ஆகாயக்கப்பல். வாரக்கணக்கில் இறங்காமல் கடல் காவல், ரேடார் கண்காணிப்பு, நீர்மூழ்கித் தேடல்." 1994 ஏப்ரலில் நான் எழுதிய இண்டெக்ஸ் கார்டு இது. கீழே என் இனிஷியலும் தேதியும் உள்ளன. வலது மேல் மூலை காலி.

கிடர்பூர் அருகே ஒரு பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் நான் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். வெளிநாட்டு இதழ்களைப் படித்துக் கார்டில் சுருக்கம் எழுத வேண்டும். பறந்த பொருளென்றால் மூலையில் பென்சிலால் F, வெறும் திட்டமென்றால் P. ஆகாயக்கப்பல் கட்டுரையின் கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது. பறந்ததா என்று தெரியாததால், பிறகு போடலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் அதிகாரி ராகவன் சார் மதுரைக்காரர். அந்தக் கார்டை நம்பி டெல்லிக்குக் குறிப்பு எழுதினார். அன்று மூன்று மணிக்குத் தபால் பை கிளம்பும். பன்னிரண்டரைக்கு டைப் பிரதியைச் சரிபார்க்கும்போது, "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள" என்ற வரியைப் பார்த்தேன். கார்டை எடுத்துப் பார்த்தேன்; மூலை காலி. என் புரொபேஷன் முடிய இரண்டே மாதம். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

பக்கத்து மேஜை வங்காளி சீனியர் மித்ரா தாவிடம் சொன்னேன். அவர் ஜாதவ்பூரில் ஒரு நூலகத்துக்கு போன் போட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெறும் படம்தான் தம்பி. சித்திரை மாசக் கால்பைசாகிப் புயல் அடிச்சா உன் பலூனை எங்கே கட்டுவே? ஹௌரா பிரிட்ஜிலயா?"

நேராக சாரிடம் போனேன்.

"பறந்துச்சா, பறக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"பறக்கலை சார். ரியாக்டர் கவசத்தோட எடையே தீராத சிக்கலாம்."

"மூலையில ஒரு எழுத்துப் போடக் கை வலிச்சுதாக்கும்?"

"பக்கம் கிழிஞ்சிருந்துச்சு சார்."

"கிழிஞ்சிருக்குன்னு எழுதுறதுக்கென்ன? நீங்க சும்மா விட்டீங்க, நான் அதைப் பறக்க விட்டுட்டேன்."

குறிப்பை மறுபடி டைப் அடித்தோம். தலைப்பு "சாத்தியமான பணிகள்" என்று மாறியது. புயலில் ரியாக்டரோடு விழுந்தால் என்னாகும் என்று ஒரு பத்தி சேர்ந்தது. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் உறை ஒட்டினோம். அப்போதுதான் டைப்பிஸ்ட் சொன்னார்: பழைய வாசகத்தின் கார்பன் பிரதி ஒன்று, நான் சரிபார்க்கும் முன்பே, காலையிலேயே வேறோர் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

என் புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. தெரியாததற்கும் ஒரு குறி வேண்டும் என்று கற்றேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை சந்தேகமென்றால் மூலையில் கேள்விக்குறி போட்டேன்.

கார்பன் பிரதியைத் திருப்பிக் கேட்டு இருமுறை கடிதம் போனது. அது திரும்பியதாகப் பதிவேட்டில் இல்லை. அதை யாராவது படித்து நம்பினார்களா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.