கரையில் விட்டுப்போக வேண்டிய பெயர்கள்

ரஹீமா ராத்தா மௌத்தான செய்தி வந்தபோது, நான் கற்பிட்டித் துறையில் என் மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். களப்பின் மேல் வெயில் புகைபோலப் படிந்து கிடந்தது. அக்கரை இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்று சொல்ல முடியாத பகல். பள்ளிவாசல்துறையிலிருந்து அவருடைய மகள் பேசினாள். "உம்மா சுபஹுத் தொழுதிட்டுப் படுத்தவங்க, எழும்பல்ல" என்றாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கருவாடு காயவைக்கும் பெண்களின் சங்கச் செயலாளர். எனக்கு அவர் எதிர்த்தரப்பு. மீன்பிடித் தொழில் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான சமவாயம் ஒன்றை நாடு ஏற்பதா என்று ஆராயக் கொழும்பில் கூட்டம் வைத்தார்கள். மேசையின் ஒருபுறம் தொழிற்சங்கத்தினர், அவர்களோடு ராத்தா, மறுபுறம் தொழில்தருநர், நடுவில் அரச அதிகாரிகள். போட் உரிமையாளர்கள் சார்பில் நான் போயிருந்தேன்.

தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி, இது கடலில் வேலை செய்பவர்களுக்கானது, கரையில் வேலை செய்யும் பெண்கள் இதற்குள் வரமாட்டார்கள் என்று விளக்கினார். ராத்தா எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப எங்கட கதைய வேறொரு நாளைக்குக் கதைப்பம். இண்டைக்குக் கடலுக்குப் போறவங்கட கதையக் கதைப்பம்" என்றார்.

போட் புறப்படுமுன் அதில் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலைக் கரையில் கொடுத்துவிட வேண்டும் என்றொரு பிரிவு வந்தது. நான் எதிர்த்தேன். எங்கள் போட்டுகளுக்கு ஆள் சேர்வது விடியற்காலை மணலில்தான். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் ஏறுவார். எழுதிக்கொண்டிருந்தால் காற்று மாறிவிடும் என்றேன். நன்றாகப் பேசியதாகவே எனக்குத் தோன்றியது. யன்னல்களில்லாத அந்தக் குளிர்ந்த அறை, நீருக்கடியில் இருப்பதுபோல் அமைதியாக இருந்தது. அப்போதுதான் ராத்தா பேசினார்.

"எங்கட நானா, கூடப்பொறந்த மூத்தவரு, ஒருநாள் ஆள் குறைஞ்ச போட் ஒண்டுல ஏறிப் போனாரு. எந்தப் போட்டெண்டு எங்களுக்குத் தெரியா. மூணு நாள் வாற போட்டையெல்லாம் பாத்துக்கிட்டு நிண்டம், அவரு வரல்ல. பேர எழுதினா கடல் ஆளத் திருப்பித் தராது, தம்பி. ஆனா எந்தப் போட்டத் தேடுறதெண்டு தெரியும்."

அன்று எதுவும் முடிவாகவில்லை. இரு தரப்புக் கருத்துகளையும் குறித்துக்கொண்டு, மீண்டும் அழைப்பதாகச் சொன்னார்கள்.

ஒரே பஸ்ஸில் திரும்பினோம். சிலாபம் தாண்டியதும் முன் இருக்கையிலிருந்து திரும்பி எனக்கொரு பணிஸ் சாப்பிடத் தந்தார். பாலாவி உப்பளங்கள் மாலை வெளிச்சத்தில் வானத்தின் துண்டுகள்போல் நகர்ந்துகொண்டிருந்தன. இன்று உங்கள் போட்டில் யார் யார் போனார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். மூன்று பெயர்களைச் சொன்னேன். நாலாமவரை, அவருடைய ஊரை வைத்து, நாங்கள் 'எத்தாளை ஆள்' என்றுதான் கூப்பிடுவோம்; பெயர் எனக்குத் தெரியாது. ராத்தா முன்பக்கம் திரும்பிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். கற்பிட்டி வரும்வரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மணலில் வைத்து அந்த மனிதரிடம் பெயர் கேட்டேன். வேலையிலிருந்து நிறுத்தப்போகிறேன் என்று பயந்துவிட்டார். "அந்தோனி, மொதலாளி" என்றார். இரண்டு வருடமாக என் போட்டில் கடலுக்குப் போனவர். அன்று நாலு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி ஐஸ் கடையில் கொடுத்தேன். அதன்பின் கொடுக்காமல் போட்டை அனுப்பியதில்லை.

இரண்டாவது கூட்டத்தில் என் தரப்பின் கருத்தைக் கேட்டபோது, அந்தப் பிரிவை ஏற்பதாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ராத்தா ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி மேசைக்கு மேலாக என் பக்கம் நகர்த்தி, "குடிங்க தம்பி" என்றார்.

சமவாயம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. ராத்தா போய்விட்டார். ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தில் எனக்குப் பெயர் தெரியாத முகங்கள் நிறைய. ஒவ்வொருவரிடமும் போய், நீங்கள் யார் என்று கேட்டேன். தெரியாதவரைத் தெரியாதவராகவே விட்டுவிடக் கூசுகிற இந்தக் கூச்சம் அவர் தந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.